மூச்சுக்குழாயில் ரப்பர் பால்

அன்று லாயர் வீட்டுப் போர்ட்டிகோவில் இருந்தவர்கள்:

லாயர். காரின் சொந்தக்காரர். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை.

லாயரின் தாய்மாமன். ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி. அவருக்கு மட்டும் பிரம்பு நாற்காலி.

பல் டாக்டர். லாயரின் சிநேகிதர், கோலாலம்பூர்க்காரர். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு.

என் முதலாளி. மலாக்காவின் தெங்கேராவில் கார்ப் பட்டறை வைத்திருந்தவர்.

நான். அவர் பட்டறை மெக்கானிக்.

பிறகு கார். கார் ஒன்றுக்குத்தான் அங்கே கூச்சமில்லாமல் நிற்கத் தெரிந்திருந்தது.

ஐந்து பேரில் நான்தான் குறைவாகப் படித்தவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை. மற்றவர்கள் படித்தவர்கள். லாயர் இங்கிலாந்தில் படித்தவர். அதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அந்தக் கார் ஜெர்மன்காரன் செய்தது. ஏறக்குறைய என் வயதுதான் அதற்கும். என்ஜின் பின்னால் இருக்கும். தண்ணீர் கிடையாது, காற்றிலேயே ஆறும். சிங்கப்பூரில் யாரோ ரேஸ் ஓட்டிக் கைவிட்டதை லாயர் வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வந்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. எட்டு மாதம் நான் ஒருவனே பிரித்து, கழுவி, மாட்டினேன். லாயர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். பட்டறை நின்ற நிலத்தின் வழக்கு அவர் கையில் இருந்தது. அவர் வாசலில் கால் வைத்தால் முதலாளி தன் பட்டறையிலேயே செருப்பைக் கழற்றுவார்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மற்ற கார்களில் எண்ணெய் என்ஜினின் அடியிலேயே கிடக்கும். இதில் அப்படி இல்லை. வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் தனியாக ஒரு தொட்டி. என்ஜின் அதிலிருந்து எண்ணெயை வாங்கும், வேலை முடிந்ததும் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும் பம்பு எண்ணெயை மட்டும் உறிஞ்சாது. காற்றையும் சேர்த்து உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளும். அந்தக் காற்று வெளியே போக வழி வேண்டும். அதற்குத்தான் எண்ணெய் ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில் கட்டை விரல் பருமனில் ஒரு குழாய். மூச்சுக்குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். ரேஸ் ஓட்டியவன் அதில் நீளமான ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, பின்பம்பருக்கு அடியில் திறந்து விட்டிருந்தான்.

ஓடி வந்து நின்றால் அந்த ஹோஸின் முனையில் சில சொட்டு எண்ணெய் விழும். ஓடி வந்தவனுக்கு வேர்ப்பது போல. அது கோளாறு இல்லை. நான் பட்டறையில் ஒரு காலிக் கெட்டிப்பால் டின்னை அடியில் வைத்துப் பல நாள் எண்ணியிருக்கிறேன். எட்டுக்குக் குறைந்ததில்லை. பன்னிரண்டைத் தாண்டியதில்லை.

இன்னொன்று. இந்தக் காரில் எண்ணெய் அளவை என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில், ஆறிப்போன என்ஜினில் குச்சியை விட்டுப் பார்த்தால் குச்சி காய்ந்திருக்கும். ராத்திரியெல்லாம் எண்ணெய் தொட்டியை விட்டு மெல்ல என்ஜினுக்குள் இறங்கியிருக்கும். குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால், என்ஜின் ஓடும்போது அவ்வளவும் தொட்டிக்குத் திரும்பி வந்து, இடமில்லாமல், மூச்சுக்குழாய் வழியாகக் கொட்டும்.

இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வாரம் நானும் காலையில் பார்த்து இரண்டு லிட்டர் ஊற்றினேன். சாலை நெடுக எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு மூடியைத் திறந்து வைத்து, என்ஜினை ஓட விட்டு, டார்ச் விளக்கடித்து உள்ளே பார்த்தேன். எண்ணெய் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தால் தெரிந்துபோகிற விஷயம்.

காரை ஒப்படைத்த அன்றே லாயரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் செங்கல் அளவுக் கைத்தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கா தொலைபேசிக்கா என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் முதலாளி என்னை லாயர் வீட்டுக்கு அனுப்பினார். போர்ட்டிகோவில் வெள்ளை மார்பிள். இத்தாலியிலிருந்து வந்ததாம். அதன் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய்.

"என்ன காணும் இது?" என்றார் லாயர். "எட்டு மாசம் வைச்சிருந்து ஓட்டையோட தந்திருக்கிறீர்."

"ஓட்டை இல்ல சார். எண்ணெய் கூடிப்போச்சு. காலைல பாத்து ஊத்துனீங்களா?"

"காலமைதான் பார்க்கோணும். எல்லாம் கீழ இறங்கினாப் பிறகு. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"மத்த காடிக்கு அது சரி சார். இதுல ஓட விட்டுத்தான் பாக்கணும்." காரை நாங்கள் காடி என்போம்.

"ஓடுற என்ஜினுக்குள்ள நான் கை விடோணுமோ? நான் கோர்ட்டில நிக்கிறவன் மேன். எனக்குக் கை வேணும்."

எனக்கும் கை வேண்டும். ஒன்றரை லிட்டர் எண்ணெயை வடித்து எடுத்து ஒரு டப்பாவில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். அடுத்த சனிக்கிழமை காலையில், சிநேகிதர்கள் வரும் நேரம் பார்த்து, வெள்ளை உடுப்போடு நின்று, அதே டப்பாவிலிருந்து அதே எண்ணெயைத் திரும்ப ஊற்றினார். அவர் வீட்டில் துணி துவைக்கும் அக்கா சொன்னார். அந்த மார்பிளைத் தேய்ப்பவரும் அவர்தான். தேய்த்துத் தேய்த்து அவர் விரல் நகங்கள் மஞ்சளாகியிருந்தன.

இப்படி இரண்டு மாதம் போனது. அவர் ஊற்றுவார், நான் வடிப்பேன்.

இனி கிராணி.

தோட்டத்தில் கணக்கு எழுதுபவரைக் கிராணி என்போம். இவர் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணி. நான் பிறந்த தோட்டம் அது. காலை இருட்டில் பெரட்டுக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது அவர்தான். மதியம் ரப்பர் பால் நிறுப்பதும் அவர்தான். அம்மா இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு வருவார். காண்டா என்பது தோளில் வைக்கும் கம்பு. முப்பது வருஷம் அந்தக் கம்பைச் சுமந்த தோளுக்குத் தராசு தேவையில்லை. அம்மா வழியிலேயே சொல்லிவிடுவார், இன்றைக்கு முப்பத்தாறு ராத்தல் என்று. கிராணி நாற்காலியில் உட்கார்ந்தபடி தராசை எட்டிப் பார்த்து, "முப்பத்து நாலு" என்பார். அம்மா நாற்பது என்று நினைத்தால் அவர் முப்பத்தெட்டு. எப்போதும் இரண்டு குறையும். கேட்டால், "தண்ணி கலந்திருக்கு" என்பார். அதற்கு மேல் கேட்டால் மறுநாள் மேடேறி வெட்ட வேண்டிய மலைக்காட்டு மர வரிசையில், நிரையில், வேலை விழும்.

ஓய்வு பெற்றதும் மருமகன் வீட்டில் வந்து தங்கினார். நான் காருக்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். எனக்கு அவர் செருப்பு மட்டும் தெரியும். என்னை யார் மகன் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை முதலாளி பட்டறையில் என்னிடம் வந்து சிரித்தார்.

"டேய், லாயரு போன் போட்டாரு. நீ இத்தன நாளா நிப்பாட்டாத ஒழுக்க அவரு மாமா ஒரே நாள்ல நிப்பாட்டிட்டாராம்."

"எப்படி நிப்பாட்டுனாராம்?"

"தோட்டத்து மூளடா. ரப்பர் பால் கொண்டாரச் சொல்லி ஹோஸ்ல ஊத்தி, ரெண்டு சொட்டு ஆசிட் விட்டு ஒறைய வச்சாராம். கல்லு மாதிரி புடிச்சிக்கிச்சாம். ஒரு பொட்டு எண்ணெய் இல்லையாம்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "மொதலாளி, அது மூச்சு விடுற எடம். அதை அடைக்கக் கூடாது. நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன்."

"நீ எங்கயும் போகாத. ஞாயித்துக்கெழம கோலாலம்பூர்ல இருந்து எல்லாம் வர்றாங்க, காடிய எடுத்துக்கிட்டு உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போறாங்க. இப்பப் போயி அவரு மாமா செஞ்சது தப்புன்னு சொல்லப் போறியா? என் நெலத்து கேஸு அடுத்த மாசம் லா."

"வெடிக்கும் மொதலாளி."

"வெடிச்சா அப்பறம் பாத்துக்கலாம்."

போயிருக்க வேண்டும். போகவில்லை. அது என் தப்பு. அதை நான் யார் தலையிலும் வைக்கவில்லை.

ரப்பர் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தால் அம்மா கையில் ஒட்டிய பால் காய்ந்து தோல் போலக் கிடக்கும். தண்ணீரில் போகாது. மண்ணெண்ணெயை நனைத்துத் தேய்ப்பார். முதலில் அது உப்பும், பிறகு பிசுபிசுவென்று உரிந்து வரும். எண்ணெய் பட்டால் பால் ரப்பர் உப்பும் என்பது தோட்டத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் தோட்டத்தில் இருந்த கிராணிக்குத் தெரியவில்லை. அவர் கையில் பால் பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கார்கள் வந்தன. நெடுஞ்சாலையை விட்டு சிம்பாங் அம்பாட்டில் இறங்கிக் கூடினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொருவரும் தன் காரைச் சொந்தக் கையால் செய்தது போல் பேசினார்கள். ஒருவர் கையிலும் எண்ணெய்க் கருப்பு இல்லை. லாயர் தன் பக்கத்தில் பல் டாக்டரை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நான் பட்டறை வேனில் பெட்டியோடு பின்னால் போனேன். வழியில் யார் கார் நின்றாலும் தள்ளுவதற்கு.

பட்டணத்தைத் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு லாயர் காரின் பின்பக்கம் நீலப் புகை வந்தது. தொட்டிக்குள் காற்று போக வழியில்லாமல் இறுகுகிறது, எண்ணெய் சீல்களைத் தள்ளிக்கொண்டு கசிந்து சூடான புகைக்குழாயில் விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது. வேனின் விளக்கை அடித்தேன். ஹாரனை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். லாயர் கண்ணாடியில் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் வாழ்த்துவதாக நினைத்துவிட்டார்.

உம்பாயில் மீன் சுட்டு விற்கும் கடைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் வேனை நிறுத்துவதற்குள் எல்லோரும் லாயர் காரின் பின்னால் கூடிவிட்டார்கள். புகையை ஏதோ கோயில் புகை போல முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாயர் என்ஜின் மூடியைத் தூக்கினார். பல் டாக்டர் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் தொட்டி தனி," என்று லாயர் விளக்கினார். "இதைத்தான் ட்ரை சம்ப் எண்டு சொல்லுறது." அதற்குள் அவர் கை எண்ணெய் மூடியில் இருந்தது.

"சார், தொறக்காதீங்க," என்றேன்.

"நீர் பேசாம நில்லும்."

"சார், உள்ள காத்து அடைச்சிருக்கு."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லித் திருகினார்.

மூடி பறந்து மேல் தகட்டில் அடித்தது. பின்னாலேயே எண்ணெய். கொதிக்கிற எண்ணெய். லாயர் திருகும்போதே முகத்தைத் திருப்பியிருந்தார், அதனால் மூக்குக்கண்ணாடியோடு போனது. குனிந்திருந்த பல் டாக்டரின் வலது கையில் விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

கடைக்கார மலாய்க்காரப் பெண்தான் முதலில் ஓடி வந்தார். "கெசியான், கெசியான்," என்று சொல்லிக்கொண்டே மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிக்கொண்டு வந்தார். பாவம் என்று அர்த்தம். நான் குழாய்த் தண்ணீரைக் காட்டினேன். இரண்டு பேருமாக டாக்டர் கையைக் கழுவி, துணியில் ஐஸைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். கையில் கெம்போங் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒன்பது காரின் சொந்தக்காரர்களில் ஒருவரும் குனியவில்லை. எண்ணெய் பட்டுவிடும் என்று எட்டி நின்றார்கள்.

லாயர் கண்ணாடியைத் துடைத்தார். சுற்றிப் பார்த்தார். என்னைக் காட்டி, "எட்டு மாசம் இவன்ட கையில இருந்த கார்," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காரை இழுத்துக்கொண்டு போய் லாயர் வீட்டில் விட்டேன். கசிந்த சீல்களை மாற்ற நாலு நாள் அங்கேயே வேலை. ஹோஸைத் தொடக் கூடாது என்று லாயர் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வருவார், அவர் முன்னால்தான் எல்லாம் என்றார். அவருக்கு வேண்டியது சீல் இல்லை. பல் டாக்டர் தன்னைக் குற்றம் சொல்லாமல் இருக்க ஓர் ஆள்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி சொன்னார். "நாளைக்கு லாயரு உன் கையில வேல சரியில்லன்னு சொல்லிட்டாருன்னா, திங்கக்கெழம நீ வராத. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"ஹோஸ்ல பால் ஊத்துனது யாருன்னு உங்களுக்குத் தெரியும் மொதலாளி."

"எனக்கு என்னடா தெரியும்? போன்ல ஏதோ சொன்னாரு. சரியா கேக்கல."

பதினோரு வருஷம் அவர் பட்டறையில் வேலை செய்தேன். பல் டாக்டர் கையைச் சுட்டவன் என்று லாயர் சொன்னால் மலாக்காவில் வேறு பட்டறையும் சேர்க்காது. எனக்கு வேறு வேலையும் தெரியாது. முதலாளி இதெல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் போர்ட்டிகோவில் நாங்கள் நாலு பேர் நின்றோம். கிராணி உட்கார்ந்திருந்தார்.

நான் அடியில் படுத்து ஹோஸைக் கழற்றினேன். மார்பிளில் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே இருந்தது புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. விரல் நீளம். ஊற்றும்போது வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பழுப்பு. ரத்தம் குடித்த அட்டை போல உப்பி, வழுவழுவென்று. அதை எடுத்து பல் டாக்டர் காலடியில் வைத்தேன்.

"என்ன இது?" என்றார் அவர்.

"தோட்டத்துப் பால் சார். ரப்பர். எண்ணெய் பட்டா உப்பும். தொட்டி மூச்சு விடுற வழிய இது அடைச்சிருச்சு. அதான் மூடியத் தொறந்ததும் அடிச்சது."

"யார் இதை உள்ளே வச்சது?"

லாயர் காரின் விளக்கைப் பார்த்தார். முதலாளி தன் கால் விரல்களைப் பார்த்தார். நான் யாரையும் காட்டவில்லை.

"நான் பால் வெட்டுனவங்க மகன் சார்," என்றேன். "பாலும் எண்ணெயும் ஒத்துக்காதுன்னு எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். நான் வச்சிருக்க மாட்டேன்."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்றார் கிராணி, நாற்காலியிலிருந்து.

அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பல் டாக்டர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தன் கட்டைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"அங்கிள், நீங்க வாயே தொறக்கலையே," என்றார்.

"நான் ஒழுக்கைத்தான் நிப்பாட்டினன். ஒழுகாமல் நிண்டதோ இல்லையோ?"

"நின்னுச்சு அங்கிள். அவ்வளவும் என் கையில வந்துச்சு."

லாயருக்கு முகம் கறுத்தது. மாமாவைத் திட்ட முடியாது. சிநேகிதரையும் திட்ட முடியாது. மிச்சம் இருந்தது நான். "அடைச்சது ஆரெண்டது இப்ப கதையில்லை," என்றார். "முதல்ல ஏன் ஒழுகினது? அதுக்கு இந்த மெக்கானிக்தான் பதில் சொல்லோணும். என்ட மார்பிளில ஒரு சொட்டு விழக் கூடாது."

"ஒரு சொட்டும் விழக் கூடாதுன்னா காடிய ஓட்டக் கூடாது சார்."

"டேய்," என்றார் முதலாளி.

"இருங்க மொதலாளி. சார், நான் சொல்றதக் கேளுங்க. புது ஹோஸ் மாட்டுறேன். ஓட விட்டுப் பாத்து எண்ணெய அளவா வைக்கிறேன். தஞ்சோங் கிளிங் வரைக்கும் போயிட்டு வந்து இதே எடத்துல நிப்பாட்டுறேன். அடியில டின்னு. அரை மணி நேரம். பன்னண்டு சொட்டு வரைக்கும் அது விடுற மூச்சு. பதிமூணாவது விழுந்தா என் வேலதான் தப்பு. நாளைக்கு நான் பட்டறைக்கு வரல. நீங்க சொல்ல வேணாம், நானே வரல."

பல் டாக்டர், "ஃபேர் லா," என்றார்.

"எண்ணுறது ஆர்?" என்றார் லாயர். தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். "மாமா எண்ணட்டும். முப்பது வருஷம் நிறுத்த கணக்கு அவருடையது."

"ஓம்," என்றார் கிராணி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புது ஹோஸை மாட்டினேன். என்ஜினை ஓட விட்டு, சூடாகும் வரை நின்று, குச்சியை விட்டுப் பார்த்தேன். பல் டாக்டர் பக்கத்தில் வந்து இடது கையால் குச்சியை வாங்கிப் பார்த்தார். லாயர் வரவில்லை. தஞ்சோங் கிளிங் வரை போனேன். திரும்பினேன். வழியில் ஒன்றும் நினைக்கவில்லை. எண்ணெய்ச் சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

போர்ட்டிகோவில் நிறுத்திக் கெட்டிப்பால் டின்னை ஹோஸ் முனைக்கு நேராக வைத்தேன். எட்டிக் குந்தினேன். கிராணி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குந்தவில்லை. அங்கிருந்து அவருக்கு டின் தெரிந்தது, ஹோஸ் முனை தெரியவில்லை. சத்தத்தை வைத்து எண்ணினார்.

முதல் சொட்டு காலி டின்னில் டங்கென்று விழுந்தது. "ஒண்டு," என்றார். இரண்டு, மூன்று, நாலு. சீக்கிரம் சீக்கிரமாக விழுந்தன. முதலாளி நெற்றியைத் துடைத்தார். ஐந்து, ஆறு. டின்னின் அடி எண்ணெயால் நனைந்த பிறகு சத்தம் குறைந்தது. ஏழு, எட்டு. அதற்குப் பிறகு ஒன்று சத்தமே இல்லாமல் விழுந்தது. கிராணி வாய் திறக்கவில்லை. கேட்டின் பக்கம் மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அப்போது இன்னொன்று. அதற்கும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விழுந்ததற்கு, "ஒம்பது" என்றார்.

பிறகு ஹோஸ் முனையில் ஒன்று திரண்டது. தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தேன். கால் மரத்துப்போனது. ஒன்று வந்தால் அதன் பின்னால் இன்னொன்று வரலாம். அது தொங்கிக்கொண்டே இருந்தது. விழவில்லை.

லாயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணித்தியாலம் சரி. எத்தினை மாமா?"

"ஒம்பது," என்றார் கிராணி.

"ஒம்பது. சரி. நாளைக்கு நீர் வேலைக்குப் போம்," என்றார் லாயர், ஏதோ தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல. முதலாளி என் தோளில் தட்டினார். தட்டிய கையைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒன்பதானாலும் வேலை இருக்கிறது. ஆனால் அவர் குறைத்த கணக்கில் எனக்கு வேலை வேண்டாம்.

டின்னை எடுத்து நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் செருப்புக்கு முன்னால் வைத்தேன்.

"ரெண்டு கொறச்சிட்டீங்க கிராணி ஐயா," என்றேன். "எங்கம்மாவுக்கும் அப்படித்தான் நிறுப்பீங்க."

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். யார் மகன் என்று தேடினார். கிடைத்ததா தெரியாது.

"எத்தனைப்பா விழுந்துச்சு?" என்று பல் டாக்டர் கேட்டார்.

பதினொன்று.